செவ்வந்திப் பூ அழிக்கப்பட்ட துவக்கு

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு நெஞ்சு ஒருமுறை திடுக்கிடும். அதற்குப் பயந்துதான் ஊரை விட்டு வந்தோம். அப்படியிருக்க, மங்களகரமான சித்திரைப் புத்தாண்டு மலரிலே துவக்கைப் பற்றி ஒரு கட்டுரை தேவையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நான் எழுத வந்தது சுடுவதைப் பற்றியல்ல. சுட்டு முடிந்து, போர் முடிந்து, அரசுகள் மாறி, எண்பது வருடங்கள் கழிந்த பின்னும் ஒரு பழைய இரும்பும் மரமும் தன்னுடைய கதையை எப்படிச் சொல்கின்றது என்பதைப் பற்றி. அந்தக் கதைக்குள்ளே மலாயாவும் வருகின்றது, மட்டக்களப்புக் கடலும் வருகின்றது, நாங்கள் இன்று வாழும் நோர்வேயும் வருகின்றது. ஆகவே கொஞ்சம் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே பறங்கியர், இரண்டு தீவுகள்

நாங்கள் துவக்கு என்கிறோம், தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பர், சிங்களவர் துவக்குவ என்பர். மூன்றும் துருக்கி மொழிச் சொல் ஒன்றிலிருந்து கிளைத்தவை. சொல் தரைவழியாகவும் கடல்வழியாகவும் வர, பொருளைப் பெருமளவில் கொண்டுவந்து இறக்கியவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505இல். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் விழுத்தினார்கள்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1543இல், அதே போர்த்துக்கேயர் சிலர் வந்த கப்பல் ஒன்று யப்பானின் தெற்கேயுள்ள தனெகஷிமா என்ற சிறு தீவிலே கரையொதுங்கியது. அத்தீவின் இளம் தலைவன் அவர்களிடமிருந்த திரித்துவக்கு இரண்டை விலைக்கு வாங்கித் தன்னுடைய கொல்லர்களிடம் கொடுத்து, இதைப்போலச் செய்யுங்கள் என்றான். சில ஆண்டுகளுக்குள் யப்பான் முழுவதும் துவக்குப் பட்டறைகள் எழுந்தன. 1575இல் நாகஷினோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் குதிரைப்படையைத் துவக்குப்படை சரித்தது. யப்பானியர் நெடுங்காலம் அந்த வகைத் துவக்குக்குத் தீவின் பெயரையே வைத்து அழைத்தார்கள். எங்களிடம் வந்த அதே பறங்கியர்தான் அங்கும் போனார்கள். எங்களை ஆண்டார்கள். யப்பானியர் அவர்களிடம் கற்றுக்கொண்டு, பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

அரிசாகா பிறந்த கதை

சாத்திய கதவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் திறந்தது. மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்திலே யப்பான் வேகமாக நவீனமயமாகியது. 1880இல் முராட்டா என்ற அதிகாரி முதலாவது உள்நாட்டு றைபிளை அமைத்தார். அதன்பின் அரிசாகா நரியாகிரா என்ற பீரங்கிப்படை அதிகாரியின் தலைமையில் இயங்கிய குழு 1897இல் புதிய றைபிள் ஒன்றைக் கொண்டுவந்தது. அதுமுதல் அந்த வரிசையில் வந்த எல்லா யப்பானிய றைபிள்களையும் வெளிநாட்டார் அரிசாகா என்றே அழைக்கின்றனர்.

1904-05 ரஷ்ய யப்பானியப் போரிலே மஞ்சூரியாவின் புழுதி உள்ளே புகுந்து இந்தத் துவக்குகள் இறுகிப்போயின. அதைத் திருத்தி நம்பு கிஜிரோ என்பவர் அமைத்ததுதான் 38ஆம் வகை. போல்ற்றின் மேலே ஓடி ஓடி மூடும் ஒரு தகட்டு மூடி இதற்கு உண்டு. அந்த மூடி கலகலவென்று சத்தம்போடும், அதனால் காட்டுச் சண்டையில் பல வீரர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள் என்பார்கள். இன்று மூடியோடு கிடைக்கும் துவக்குக்குச் சேகரிப்பாளரிடையே மதிப்பு அதிகம்.

இந்த எண்களில் ஒரு சுவையான விடயம் இருக்கின்றது. 38 என்றால் மெய்ஜி ஆட்சியின் 38ஆவது ஆண்டு, அதாவது 1905. அடுத்து வந்தது 99ஆம் வகை. இது ஆட்சியாண்டு அல்ல. யப்பானின் முதற் சக்கரவர்த்தி முடிசூடியதாக அவர்கள் நம்பும் நாளிலிருந்து எண்ணிய 2599ஆவது ஆண்டு, அதாவது 1939. நாங்கள் அறுபதாண்டுப் பெயர்களால் காலத்தைக் குறிப்பது போல அவர்களும் தங்கள் காலக்கணக்கை இரும்பிலே பொறித்து வைத்தார்கள். எங்கள் பஞ்சாங்கப்படி பார்த்தால் 38ஆம் வகை விசுவாவசு வருடத்தது, 99ஆம் வகை பிரமாதி வருடத்தது!

38ஆம் வகை மிக நீளமானது. ஏறத்தாழ 128 சென்ரிமீற்றர் நீளமும் நாலு கிலோ அளவு பாரமும். கத்தியையும் பூட்டினால் அதைத் தூக்கும் வீரனின் உயரத்துக்கே வந்துவிடும். அதன் ரவை 6.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. 99ஆம் வகையின் ரவை 7.7 மில்லிமீற்றர். சீனப் போரில் சிறிய ரவை போதாது என்று கண்டு பெரிதாக்கினார்கள். ஆனால் பழையதை முழுமையாக மாற்றி முடிக்கமுன் பெரும்போர் வந்துவிட்டது. ஒரே இராணுவத்தில் இரண்டு அளவு ரவைகள். ஒன்றுக்குரியதை மற்றதிலே போட ஏலாது. வழங்கல் அதிகாரிகளுக்கு இது கடைசிவரை தலையிடியாகவே இருந்தது.

மலாயாவில் எங்கட சனம்

1941 டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. சைக்கிள்களிலே றப்பர் தோட்டங்களுக்கூடாக வந்தார்கள். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது, பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபது நாட்களில் எல்லாம் முடிந்தது.

மலாயா எங்களுக்குப் புதிய இடமல்ல. யாழ்ப்பாணத்திலே மலாயன் பென்சன்காரர் இல்லாத ஊர் அந்நாளில் இல்லை எனலாம். றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் எங்கள் பாட்டன்மார் வேலை பார்த்தார்கள். தோட்டங்களிலே தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். எங்கள் குடும்பத்திலும் ஒரு பெரியையா ஈப்போவில் றெயில்வேக் கந்தோரில் இருந்தவர். நான் சின்னப் பெடியனாக இருந்தபோது அவர் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு சொல்லுவார்:

"மோனை, சந்தியிலை சென்றி நிப்பான். அவன்ரை துவக்கு அவனிலும் உயரம். குனிஞ்சு கும்பிடாமல் போனால் கன்னத்திலை விழும். சைக்கிளிலை போனாலும் இறங்கிக் கும்பிட வேணும். படிச்ச மனுசன், கோட்டுப் போட்ட மனுசன் எண்டெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை."

அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு தின்ற காலம் அது. யப்பானியர் அச்சடித்த நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் சனம் அதை வாழைமரக் காசு என்றது. சண்டை முடிந்ததும் அது வெறும் கடதாசி. பெரியையாவின் றங்குப் பெட்டிக்குள் ஒரு கட்டு வாழைமரக் காசு கன காலம் கிடந்தது. பிள்ளைகள் நாங்கள் கடை வைத்து விளையாடுவோம்.

கந்தோர்க்காரர் கன்னத்தில் அடி வாங்கினார்கள் என்றால், தோட்டத் தமிழர் உயிரையே கொடுத்தார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளத்துக்கு யப்பானியர் போட்ட மரண ரயில்பாதை 1943 ஒக்ரோபரில் முடிந்தது. மூன்று மாத வேலை என்று சொல்லியும், லொறிகளில் வளைத்துப் பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை அங்கே கொண்டுபோனார்கள். கொலரா, மலேரியா, பட்டினி, அடி. அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் அதனிலும் பல மடங்கு. கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கின்றது. தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சென்னையைச் சேர்ந்த டொக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படைக்கு எங்கள் பெண்களும் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் யப்பானிய றைபிள் அல்ல, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற துவக்குகள். யப்பானியரோடு சேர்ந்து நின்று, ஆங்கிலத் துவக்கால் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடினார்கள். ஒரே தோட்டத்து லயத்திலிருந்து அண்ணன் ரயில்பாதைக்குப் பிடிபட்டுப் போக, தங்கச்சி தானாக விரும்பிப் படைக்குப் போன காலம் அது. சரி பிழையை இலேசாகச் சொல்லிவிட முடியாது.

ஏப்ரல் 9

நோர்வேயில் பள்ளிக்கூடம் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 9 என்ற நாள் தெரியும். 1940ஆம் ஆண்டு அந்நாளில்தான் ஹிட்லரின் படை நோர்வேக்குள் புகுந்தது. அதே ஏப்ரல் 9, இரண்டு வருடம் கழித்து, 1942இல், எங்கள் ஊரிலும் ஒரு வரலாற்று நாள் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்று பகல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலே ஹெர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அது இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கின்றது. சித்திரபானு வருடம் பிறக்கச் சில நாட்களே இருந்தன.

அதே நாளில் அதே கிழக்குக் கடலில் யப்பானிய விமானங்களுக்கு இரையான இன்னொரு கப்பல் நோர்விகன். அது நோர்வேக் கப்பல். அந்த வாரத்திலேயே வங்காள விரிகுடாவில் டாக்பிரெட், ஹெர்மோட், எல்சா என்ற நோர்வேக் கப்பல்களும் அழிக்கப்பட்டன. தாய்நாடு எதிரியின் கையில், ஊருக்குத் திரும்ப வழியில்லை, கடிதம் போட வழியில்லை என்ற நிலையில் நோர்வே மாலுமிகள் உலகக் கடல்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போல அவர்களும் ஒருகாலம் ஊரிழந்து திரிந்தவர்களே. பிறகு ஒருநாள் அந்த நாட்டின் கரையில் நாங்கள் வந்து இறங்குவோம் என்று யார் கண்டது!

ஒரு ஷெல்லருக்குள் வரலாறு

இந்த விடயங்களிலே எனக்கு ஆர்வம் வந்தது, முன்பு என்னோடு ஒரே இடத்தில் வேலை செய்த நோர்வேக்கார நண்பர் ஒருவரால். ஓய்வுபெற்றவர். பழைய இராணுவ றைபிள்களைச் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. இங்கே அது நினைத்தவுடன் செய்யக்கூடிய காரியமல்ல. பொலிசின் அனுமதி வேண்டும், என்ன வகையைச் சேகரிக்கிறேன் என்று காட்டவேண்டும், அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கவேண்டும். ஆயுத வரலாற்றுச் சங்கமும் இருக்கின்றது. சங்கக்காரர் கூடினால் சண்டையைப் பற்றியல்ல, திருகாணியைப் பற்றித்தான் மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

அவரிடம் இரண்டு அரிசாகாக்கள் உள்ளன. யப்பான் எங்கே, ஒஸ்லோ எங்கே, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். முதலாம் உலகப் போரில் ரஷ்யாவுக்குத் துவக்குப் பற்றாக்குறை. பத்து வருடத்துக்கு முன் தன்னைத் தோற்கடித்த யப்பானிடமே இலட்சக்கணக்கில் அரிசாகாக்களை வாங்கியது. பிரித்தானியாவும் தன்னுடைய றைபிள்கள் போர்முனைக்குப் போக, பயிற்சிக்கென்றும் கடற்படைக்கென்றும் இவற்றை வாங்கியது. ரஷ்யப் பேரரசு உடைந்தபோது அவை பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா என்று சிதறின. பின்லாந்தின் 1918 உள்நாட்டுப் போரிலும் இவை பாவிக்கப்பட்டன. அந்த வழியால் வந்தது ஒன்று, 38ஆம் வகை. மற்றது 99ஆம் வகை. பசிபிக்கில் கப்பலோடிய நோர்வே மாலுமி ஒருவர் கொண்டுவந்தது, அவருடைய பிள்ளைகள் சட்டப்படி மாற்றிக் கொடுத்தது.

இரண்டு குளிர்காலம் அவருடைய ஷெல்லரில் இருந்து கூடமாட உதவினேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதற்பாடம், பழையதைப் புதிதாக்குவது திருத்தமல்ல என்பது. எங்கட ஆக்கள் பழைய பித்தளை விளக்கைக் கண்டால் புளி போட்டு மினுக்குவது போல, அனுபவமில்லாதவர்கள் துவக்கை சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, மரத்துக்குப் புது வார்னிஷ் அடித்து, இரும்புக்குப் புதுக் கறுப்பு ஏற்றி விடுவார்களாம். அதோடு அதன் வரலாறும் போச்சு, விலையும் போச்சு.

முறையான வேலை இப்படி. முதலில் உள்ளே ரவை இல்லை என்று பார்த்து உறுதி செய்யவேண்டும். பிறகு கழற்றமுன் நாலு பக்கமும் படம் எடுக்கவேண்டும். ஸ்குறூ டிறைவரின் வாய், ஆணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி அராவிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் வெட்டு சிதைந்துவிடும். செம்மண் நிறத்தில் மேலே பூத்த உயிருள்ள கறளை எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்மையான தேய்ப்பானால் மெதுவாக எடுக்கவேண்டும். கபில நிறமாக முற்றி இறுகிய பழைய நிறத்தை விட்டுவிடவேண்டும், அது இரும்பின் வயது. நோர்வே, யேர்மன் துவக்குகளின் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு துளி போதும். ஆனால் யப்பானியத் துவக்கின் மரத்துக்கு அதுவும் ஆகாது. யப்பானியர் ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுத்த உருஷி என்ற அரக்குப் பூச்சைப் பூசியிருப்பார்கள், அவர்களுடைய சாப்பாட்டுக் கிண்ணங்களுக்குப் பூசும் அதே பூச்சு. அதை உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.

அரிசாகாவின் சோங்கைப் பார்த்தால் குறுக்கே ஒரு கோடு தெரியும். உடைந்து ஒட்டினது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். உடைவல்ல. இரண்டு துண்டு மரத்தைப் புறாவால் பொருத்து முறையில் இணைத்திருக்கிறார்கள். பெரிய மரத்துண்டு தேவையில்லை, சேதாரம் குறைவு, பலமும் குறைவதில்லை. 99ஆம் வகையில் குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசினார்கள். ஈரமான காடுகளில் கறள் பிடியாமலிருக்க. அதனால் வெளியே கறள் ஏறிய துவக்கின் உள்ளே இன்றும் கண்ணாடி போல இருக்கும்.

யுத்தத்தின் போக்கை அந்தத் துவக்குகளிலேயே வாசிக்கலாம். 1940இல் செய்த 99ஆம் வகையில் எல்லாம் நேர்த்தி. விமானத்தைக் குறிபார்க்கவென்று குறிகாட்டியில் இரண்டு சிறகுகூட வைத்தார்கள். பிறகு சிறகு போய்விட்டது, தூசி மூடி போய்விட்டது, குரோமியமும் போய்விட்டது. 1945இல் செய்தவற்றில் சோங்கின் அடியில் இரும்புத் தகட்டுக்குப் பதில் மரத்துண்டு, அரத்தின் கீறல்கள் அப்படியே தெரியும். அரிசி இல்லாத வீட்டில் கஞ்சியின் தடிப்புக் குறைந்துகொண்டு போவதைப் போல.

ஆனாலும் அந்தப் பட்டறைகளின் எஃகு நல்ல எஃகு. போருக்குப்பின் அமெரிக்கத் துவக்குக் கொல்லர் அக்லி என்பவர் பல நாட்டுத் துவக்குகளை வேண்டுமென்றே வெடிக்கவைத்துச் சோதித்தபோது, அரிசாகாதான் கடைசிவரை தாங்கியது. ஆனால் இதை நம்பி ஒருவரும் கையை வைக்கக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கென்று வார்ப்பிரும்பில் செய்த போலித் துவக்குகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அவற்றில் உண்மை ரவையைப் போட்டால் முகத்திலேயே வெடிக்கும்.

யப்பானியத் துவக்குப் பட்டறைகளில் முக்கியமான ஒன்று கொக்குராவில் இருந்தது. 1923 பூமியதிர்ச்சிக்குப் பின் தோக்கியோப் பட்டறையின் வேலைகள் அங்கே மாற்றப்பட்டன. 1945 ஓகஸ்ற் 9ஆம் திகதி இரண்டாவது அணுகுண்டோடு புறப்பட்ட விமானத்தின் முதல் இலக்கு அந்தக் கொக்குரா ஆயுதசாலைதான். முகிலும் புகையும் மறைத்ததால் விமானம் திரும்பி நாகசாக்கிக்குப் போனது. துவக்கின் மேலே கொக்குரா முத்திரையைக் காணும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

பூவும் கழுகும்

இனித் தலைப்புக்கு வருவோம். ஒவ்வொரு அரிசாகாவின் தலையிலும், ரவை ஏறும் அறையின் மேலே, பதினாறு இதழ் கொண்ட செவ்வந்திப் பூ பொறித்திருக்கும். அது சக்கரவர்த்தியின் சின்னம். துவக்கு வீரனுடையதல்ல, சக்கரவர்த்தியுடையது என்பது அதன் பொருள்.

நண்பரின் 99ஆம் வகையில் அந்தப் பூ இல்லை. அவ்விடத்தில் அராவிய தழும்பு மட்டும். 1945 ஓகஸ்ற்றில் யப்பான் சரணடைந்தபின், ஆயுதங்கள் எதிரியிடம் ஒப்படைக்கப்பட்டபோது இந்தச் சின்னம் அராவி அழிக்கப்பட்டது. அதனால் சேகரிப்பாளர்கள் இதை ஒரு சாட்சியாகக் கொள்கிறார்கள். பூ முழுசாக இருந்தால் பெரும்பாலும் போர்க்களத்தில் விழுந்தவனின் பக்கத்திலிருந்து எடுத்தது, பூ அழிந்திருந்தால் சமாதானத்துக்குப் பின் கையளிக்கப்பட்டது. அழகு இருக்கும் துவக்கில் மரணம் இருக்கின்றது, தழும்பு இருக்கும் துவக்கை வைத்திருந்தவன் அநேகமாக உயிரோடு வீடு போனான். அந்தத் தழும்பை மறைத்துப் புதுப் பூப் பொறித்து விற்பவர்களும் உண்டாம். நல்ல சேகரிப்பாளன் அதைத் தொடமாட்டான்.

நோர்வேயில் இதற்கு எதிர்மாறான கதை. ஒஸ்லோவிலிருந்து எண்பது கிலோமீற்றர் அளவில் உள்ள கொங்ஸ்பேர்க்கிலே 1814முதல் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அங்கே கிராக், யோர்கன்சன் என்ற இருவர் உருவாக்கிய றைபிளை 1889இல் டென்மார்க்கும், 1892இல் அமெரிக்காவும், 1894இல் நோர்வேயும் ஏற்றுக்கொண்டன. நோர்வே ஏற்றுக்கொண்டதும் 6.5 மில்லிமீற்றர். ஆளில்லாச் சிறிய நாட்டில் பிறந்த துவக்கை அமெரிக்கா வாங்கியது நோர்வேஜியர்களுக்கு இன்றும் பெருமை. 1945 மே மாதம் யேர்மன் படை சரணடைந்தபோது இந்நாட்டில் மூன்றரை இலட்சம் யேர்மன் படையினர் இருந்தார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போன மவுசர் றைபிள்களை நோர்வே வீசவில்லை. பெரும்பாலும் பழைய கழுகு முத்திரையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் தன்னுடைய இராணுவத்தின் முத்திரையைக் குத்திப் பாவித்தது. பின்னர் உள்ளூர்க் காவற்படையினர் அவற்றைத் தங்கள் வீடுகளில் வைத்திருந்தார்கள். அடக்கியவனின் ஆயுதமே பிறகு வீட்டைக் காக்கும் ஆயுதமாயிற்று. அக்கர்ஷூஸ் கோட்டைக்குள் இருக்கும் இராணுவ நூதனசாலைக்கும் எதிர்ப்பியக்க நூதனசாலைக்கும் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச்சென்று காட்டுங்கள்.

தோற்றவன் தன் சின்னத்தை அழித்தான், வென்றவன் எதிரியின் சின்னத்தை விட்டுவைத்தான். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தால் இரண்டும் வரலாறு.

இலக்கம் உள்ள துவக்கும் பெயர் இல்லாத மனிதனும்

ஒவ்வொரு அரிசாகாவுக்கும் தொடர் இலக்கம் உண்டு. இலக்கம் கூடிப்போகாமல் இருக்க, எங்கட அ, ஆ, இ போல, தங்கள் பழைய எழுத்து வரிசையில் ஒவ்வொரு எழுத்தாக முன்னால் போட்டார்கள். எந்தப் பட்டறை, ஏறத்தாழ எந்த ஆண்டு, போல்ற் இதற்குரியதா வேறொன்றினதா என்று இன்றும் சொல்லிவிடலாம். இலட்சக்கணக்கான துவக்குகளின் இலக்கங்களை ஊதியமில்லாமல் குறித்து, பட்டியல் போட்டு, புத்தகம் எழுதியிருக்கிறார்கள் சேகரிப்பாளர்கள்.

அந்தத் துவக்கின் முன்னால் நின்று மண் சுமந்த தமிழனுக்கு இலக்கம் இல்லை. எந்தத் தோட்டம், எந்த லயம், தகப்பன் பெயர் என்ன, எந்த முகாமில் கொலரா வந்து செத்தான், ஒன்றுமில்லை. ஷெல்லரில் இருந்து இரும்பைத் துடைக்கும்போதெல்லாம் என் மனதை அறுத்தது இதுதான்.

அப்படி இருக்கவேண்டும் என்று விதியில்லை. அதே யுத்த காலத்தில் நோர்வேயின் வடக்கிலும் ஒரு ரயில்பாதை போடப்பட்டது. நூர்லாண்ட் பாதை. யேர்மனியர் சோவியத் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து பனியிலும் பட்டினியிலும் வேலை வாங்கினார்கள். நோர்வேக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் ஒரு இலட்சம் சோவியத் கைதிகளில் 13,000க்கு மேற்பட்டோர் இங்கேயே இறந்தார்கள். நெடுங்காலம் அவர்களும் பெயரற்றவர்களாகவே கிடந்தார்கள். பின்னர் பால்ஸ்டாட் நிலையத்தில் உள்ளவர்கள் பழைய அட்டைகளையும் கோப்புகளையும் தேடி, ஆயிரக்கணக்கான பெயர்களை மீட்டுப் பட்டியலாக்கினார்கள். செத்தவர் நோர்வேஜியர் அல்ல, அவர்களுடைய மொழி பேசியவர் அல்ல. இருந்தும் தேடினார்கள்.

எங்களுக்கு ஆர் தேடுவது? நாங்கள்தான். எங்கள் நூலகம் 1981இல் எரிந்தது, இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளும் போயின. எஞ்சியது இங்கே, இந்த நகரத்தின் மாடி வீடுகளில், வயது போன அம்மாக்களிடமும் ஐயாமாரிடமும் உள்ளது. மலாயாவில் பிறந்த தாயின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், பெரியப்பாவின் றெயில்வே பென்சன் புத்தகம், ஒரு வாழைமரக் காசு, பின்புறம் ஊர்ப்பெயர் எழுதிய படம். இவற்றை எறியாதீர்கள், புதிதாக்கவும் வேண்டாம். கிழிந்ததைப் பசைத்துண்டால் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில வருடத்தில் மஞ்சளாகிக் கடதாசியையே தின்றுவிடும். அமிலமில்லாத உறையில் போட்டு, ஆருடையது, எந்த ஆண்டு, எந்த இடம் என்று பென்சிலால் உறையின் மேல் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரையாவது, தோட்டத்துப் பெயரோடு, கேட்டு எழுதி வையுங்கள். கதையில் கசப்பு இருந்தால், எங்கள் பக்கத்துப் பிழை இருந்தால், அதையும் அராவி எடுக்காமல் எழுதுங்கள்.

எங்கள் சங்கத்திலே ஒரு அலுமாரியை இதற்கென்று ஒதுக்கினால், வருகின்ற சித்திரைக்கு முன் அது நிறைந்துவிடும் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் எழுதித் தந்தாலும் பரவாயில்லை, பெயர் சரியாக இருந்தால் போதும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.